மங்கா மையும் மலிவுப் பொறியும்



குர்லாவிலும் செம்பூரிலும் மாதுங்காவிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், மறைந்த மூத்தோரின் நிழற்படம் மாலையுடன் சுவரை அணி செய்வதைக் காண்கிறோம். அரை நூற்றாண்டுக்கு முன் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் தெளிவாக இருக்கிறது. வீட்டிலுள்ள சிறு அச்சுப்பொறியில் அண்மையில் எடுத்த வண்ணப்படமோ, இரண்டொரு மழைக்காலம் கடக்குமுன் வெளிறிவிடுகிறது. இதற்குரிய காரணங்களுள் முதன்மையானது மையே ஆகும்.

மை இருவகைப்படும். ஒன்று சாய மை; மற்றொன்று நிறமி மை. கடைக்காரர் இவற்றை 'டை' என்றும் 'பிக்மெண்ட்' என்றும் கூறுவர். சாயம் நீரில் முற்றும் கரைவது. நிறமியோ கரையாத நுண்துகள்களாக நீரில் மிதப்பது. மஞ்சள் நனைத்த துணியை வெயிலில் உலர்த்தினால் நிறம் வெளுத்துப்போகிறது. கோயில் மதிலில் தீட்டிய காவிப்பட்டையோ வெயிலுக்கு எளிதில் வெளுப்பதில்லை. மஞ்சள் சாயம், காவி மண்ணின் நிறமி. சித்தன்னவாசல் ஓவியங்கள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நமக்கு எட்டியிருப்பதற்கு அவற்றின் கனிம நிறமிகளும் ஒரு காரணம். துகளின் வெளிப்புறத்தை ஒளி சிதைத்தாலும், உட்புறம் நிறத்தைக் காத்து நிற்கிறது.

விலை குறைந்த நிழற்பட அச்சுப்பொறிகள் பல சாய மைக்கென்றே அமைந்தவை. எப்சன் நிறுவனத்தின் எல் 805 என்னும் ஆறு வண்ணப் பொறி அவ்வகையினதே. ஆகவே, பிற உற்பத்தியாளரின் நிறமி மையை வாங்கி இத்தகைய பொறிகளில் ஊற்றும் வழக்கம் பரவியிருக்கிறது. இது தக்கதா என்பதே நம் கேள்வி.

நிறமியின் நன்மை மெய்யானது. 2000-ஆம் ஆண்டில் எப்சனின் புதிய பொறிகளில் அச்சிட்ட சாய மைப் படங்கள் சில, வெயில் படாமலே செம்மஞ்சளாக மாறின. காற்றிலுள்ள ஓசோன் முதலிய வாயுக்களே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெரிந்தது. வாகனப் புகை மிகுந்த நகரத்தார் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். நீரோ அடுத்த பகை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, மித்தி ஆறு கரைகடந்து குர்லாவின் தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுள் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் சாயம் கசிந்து பரவும். நிறமி கரைவதில்லை, எனினும் தாள் கெடுவதை அதனாலும் தடுக்க முடியாது.

இனி இடையூறுகளைக் காண்போம். முதலாவது, அச்சுத்தலையின் நுண்துளைகள் அடைபடுதல். பொறி பல நாள் வாளாவிருந்தால் துகள்கள் படிந்து துளையை அடைக்கும். வாரம் ஒருமுறையேனும் ஒரு வண்ணப் பக்கம் அச்சிடுதல் நன்று. மைப்புட்டியை மெல்லக் குலுக்கிய பின்னரே ஊற்றவேண்டும். சாயத்தின் மேல் நிறமியைக் கலந்து ஊற்றுவது கூடாது. இரண்டும் சேர்ந்து திரியக்கூடும். மையை வெப்பத்தால் உந்தும் பொறிகளைவிட, எப்சன் போன்று அழுத்தத்தால் உந்தும் பொறிகளே இதற்கு ஏற்றவை. வேற்று மையால் விளையும் பழுதுக்கு உத்தரவாதம் பொருந்தாமற் போகலாம் என்பதையும் நினைவிற் கொள்க.

இரண்டாவது, தாள். மலிவான பளபளப்புத் தாளில் நிறமி மேற்பரப்பிலேயே தங்கி, விரல் பட்டாலும் கலையும்; சாய்த்துப் பார்த்தால் வெண்கல மினுக்கம் தோன்றும். பளபளப்பற்ற தாளே பெரும்பாலும் அதற்கு உகந்தது. மூன்றாவது, நிறம். பொறியின் மென்பொருள் தன் நிறுவன மையையே கருதிக் கணக்கிடுகிறது. வேற்று மையை ஊற்றினால் முகத்தில் பச்சையோ சிவப்போ ஏறக்கூடும். அம்மைக்கும் தாளுக்கும் உரிய வண்ண அளவீட்டுக் கோப்பு இருந்தால் இக்குறை பெரிதும் நீங்கும்.

நான்காவதே மிக முக்கியமானது. புட்டியில் எழுதிய பெயர் சான்றாகாது. அமெரிக்காவில் நிழற்படங்களின் ஆயுளை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஹென்றி வில்ஹெல்ம் நிறுவனத்தாரின் சோதனைகளில், மலிவான வேற்று மைகள் பல விரைந்து மங்கின. ஆதலின் நாமே சோதித்தறிவது நலம். சாதாரண வெள்ளைத் தாளில் வண்ணப் பட்டைகளை அச்சிட்டு, உலர்ந்தபின் நீரில் தோய்த்தால், சாய மை பரவிக் காட்டிக்கொடுத்துவிடும். நிழற்படத் தாளில் அச்சிட்ட இன்னொரு பட்டையின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் மூன்று மாதம் வையுங்கள். பிறகு இருபாதிகளையும் ஒப்பிட்டால் உண்மை புலனாகும்.

அடிக்கடி அச்சிடுவோருக்கு, இச்சோதனையில் தேறிய நிறமி மை சிக்கனமும் பயனும் தரும். ஆண்டுக்கு இரண்டொரு படமே வேண்டுவோர், பொறியையும் அடைபட்ட துளைகளையும் கட்டிக்கொண்டு அல்லற்படுவானேன்? ஸ்டூடியோவில் ஒளியுணர் தாளில் அச்சிடச் செய்வதே அவர்க்கு மலிவு. எவ்வழியாயினும் படத்தைக் கண்ணாடியிட்டு, ஈரச் சுவரைத் தொடாமல் மாட்டுங்கள். அதன் மூலக் கோப்பினை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அவற்றுள் ஒன்று ஊரிலிருக்கும் உடன்பிறந்தாரிடம் இருப்பது சாலச் சிறந்தது. அச்சிட்ட படம் மங்கினால் மீண்டும் அச்சிடலாம்; ஒரே பிரதியும் அழிந்தபின் பாட்டியின் முகத்தை எந்த மையைக் கொண்டு மீட்பது?