கழுத்துக் குழாயும் கை வழியும்



எனக்கு முன் பேசியவர் இனிப்பு நீர் நோயைப் பற்றிச் சொன்னார். அதன் பிறகு வருவதை நான் சொல்கிறேன். நம் நாட்டில் புதிதாக டயாலிசிசுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்தது அந்த நோய்தான். வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் இயந்திரத்தோடு இருக்கவேண்டும். இரத்தம் போய்வர ஒரு வழி வேண்டுமல்லவா? பலருக்கு அந்த வழி, கழுத்தில் இறக்கிய பிளாஸ்டிக் குழாய்.

மூச்சுத் திணறி அவசரமாக வருகிறவரின் உயிரைக் காப்பது அந்தக் குழாய்தான். மறுக்கவில்லை. ஆனால், "ஊசி குத்த வேண்டியதில்லை, இப்படியே இருக்கட்டும் டாக்டர்" என்று அதிலேயே தங்கிவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. குழாயின் ஒரு முனை தோலுக்கு வெளியே, மறுமுனை இதயத்தின் அருகில். கிருமி ஏறிப்போக அதுவே பாதை. டயாலிசிஸ் ஓடும்போது குளிர் தூக்கிப்போட்டுக் காய்ச்சல் வந்தால், பெனடோல் விழுங்கிவிட்டுப் படுத்துவிடாதீர்கள். கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம். இதய வால்வு வரை அது போகும். அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். குழாயில் இரத்தம் உறைந்து அடைத்தால் சுத்திகரிப்பும் அரைகுறைதான். நாளடைவில் நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய இரத்தநாளம் சுருங்கி, முகமும் கையும் வீங்குவதுண்டு.

வாழ்க்கையும் சுருங்குகிறது. தீபாவளிக்கு எண்ணெய் வைத்துத் தலை முழுக முடியாது. கட்டு நனையக்கூடாது. பேரப்பிள்ளையைத் தூக்கினால் குழாயை இழுத்துவிடுமோ என்று பயம். கல்யாண வீட்டில் பெண்கள் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு ஓரமாக உட்காருகிறார்கள். இதில் சிலர் அந்தத் துளையைச் சுற்றி மஞ்சளும் திருநீறும் பூசுகிறார்கள். திருநீற்றை நெற்றியில் பூசுங்கள் ஐயா, அங்கே வேண்டாம்!

மாற்று வழி புதிதல்ல. 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் உலகுக்கு அறிவித்த 'ஃபிஸ்டுலா' அது. கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறு அறுவை. ஊசி வலிக்கத்தான் செய்யும். ஆனால் கிருமித்தொற்று குறைவு, தாராளமாகக் குளிக்கலாம். அது பக்குவப்பட 2, 3 மாதம் ஆகலாம். ஆகவே சிறுநீரகச் செயல்பாடு 20 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கும்போதே மருத்துவரிடம் கேளுங்கள். இரத்தநாளம் மெலிந்தவர்களுக்கும் இதயம் தளர்ந்தவர்களுக்கும் குழாயே பொருந்தலாம். அதை அவர் பார்த்துச் சொல்வார்.

அறுவை செய்த கையில் இரத்தம் எடுக்கவோ, இரத்த அழுத்தம் பார்க்கவோ விடாதீர்கள். தினமும் காலையில் அங்கே விரல் வைத்துப் பாருங்கள். பூனை முனகுவதுபோல் உள்ளே ஓர் அதிர்வு தெரியும். ஒருநாள் அது தெரியாவிட்டால், அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று இருக்காமல் உடனே மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.