கருவுற்ற காலத்தில் கேட்கப்படாத கேள்வி



நல்லேப்பிள்ளி, பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவ்வட்டம் கேரளத்தில் அடங்கியது. எனினும் இப்பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல. 2018-20ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு இந்தியாவில் 97, கேரளத்தில் 19. பெருமைக்குரிய சாதனைதான். ஆயினும் உயிர் காக்கப்பட்டதை மட்டுமே இவ்வெண்கள் கூறுகின்றன. கருவுற்ற மாதங்களில் தாம்பத்திய வாழ்வு எப்படி மாறுகிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதேயில்லை.

முதல் மூன்று மாதங்களில் குமட்டலாலும் களைப்பாலும் நாட்டம் பெரும்பாலும் குறைகிறது. நடு மாதங்களில் சிலருக்கு மீளுகிறது. இறுதியில் மறுபடியும் தணிகிறது. இதனைக் கணவன் வெறுப்பென்று எண்ணுகிறான். மனைவி தன் குறையென்று அஞ்சுகிறாள். சிக்கலற்ற கர்ப்பத்தில் உறவினால் கரு கலைவதில்லை. உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், நச்சுக்கொடி கருப்பை வாயை மறைத்தல், குறைமாதப் பேற்றின் அறிகுறி ஆகியவை இருப்பின் மருத்துவர் தவிர்க்கச் சொல்வார். மனைவிக்கு விருப்பமில்லை என்றால் மருத்துவக் காரணம் எதுவும் தேவையில்லை.

வளைகாப்புக்குப் பின் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம், வாய் திறந்து பேசாமலேயே இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தது. தனிக்குடித்தனமும் வேலைக்குச் செல்லும் வாழ்வும் பெருகிய இந்நாளில் அவ்வேற்பாடு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நாணத்தின் விலை நோய்த்தொற்றில்தான் மிகுதி. வெள்ளைப்படுதல் கர்ப்பத்தில் இயல்பாகவே கூடும். அரிப்போ துர்நாற்றமோ சேர்ந்தால் சிகிச்சை வேண்டும். சிபிலிஸ் நோயைக் கவனியாது விட்டால் குழந்தை இறந்தே பிறக்கலாம். தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்தால் பென்சிலின் ஊசியால் குணப்படுத்தலாம். ஆனால் கணவனுக்கும் சிகிச்சை அளிக்காவிடில் நோய் திரும்ப வரக்கூடும். அவனிடம் யார் சொல்வது?

பொருளாதாரம் பயின்றவன் ஆதலால் செலவைக் கேட்கிறேன். 2016 முதல் மாதந்தோறும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடைபெறுகிறது. அங்கே வேண்டுவது ஒரு திரைச்சீலை, ஐந்து நிமிடம், அப்பெண் வீட்டில் பேசும் மொழியில் ஒரு கேள்வி. செவிலியரின் ஐந்து நிமிடம் இலவசமன்று என்பதை அறிவேன். கூட்டம் மிகுந்த நாளில் அதுவே அரிய பொருள். இரத்த அழுத்தம் பார்க்கும் போதே இதனையும் கேட்டுவிடலாம். பெண்ணைத் தனியே கேட்டு, அவள் இசைந்தால் மட்டும், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் கணவனையும் உள்ளே அழைக்கலாம்.