ஆயிரம் ஏடுகளுக்குப் பெயரிடுதல்



பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரண்டாகப் பகுத்துக் காட்டுவது நம் இலக்கண நூலார் மரபு. காரணம் விளங்காது வழங்கி வருவது இடுகுறி. பொருளின் இயல்பையோ தொழிலையோ பற்றி வருவது காரணப் பெயர். பள்ளிப் பருவத்திற் கற்று நம்மிற் பலர் மறந்துவிட்ட இப்பாகுபாடு, கணினியின் முன் அமர்ந்திருப்போருக்கு இன்று மீண்டும் தேவைப்படுகின்றது. எவ்வாறு என்பதைச் சிறிது நோக்குவோம்.

பழைய பதிவேடுகளை ஒளிப்படமாக்கிக் கணினியிற் சேமித்து வைக்கும் பணி இன்று பல பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் நடைபெறுகின்றது. சேர்விடாப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியன அதில் உள்ளன. போரினால் இடம்பெயர்ந்தோரும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் உடைமைகளை இழந்தோரும், தாம் முன்பு படித்த பாடசாலையின் சேர்விடாப்பைத் தேடி வருவதுண்டு. வந்தவருக்கு அவ்வேட்டின் ஒரு பக்கமே அவர் இன்னார் என்பதற்குச் சான்று.

அத்தகைய பக்கத்திற்குக் கமரா இடும் பெயர் யாது? சில எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் சேர்ந்த ஓர் இடுகுறிப் பெயர். 9999 வரை எண்ணியபின் கமரா மறுபடியும் 0001 என்றே தொடங்கும். ஒரே வகையான இரு கமராக்களைக் கொண்டு படம் எடுத்தாலோ, இரண்டும் ஒரே பெயர்களையே இட்டுக்கொண்டு போகும். ஆதலால், ‘சேர்விடாப்பு, 1957, பக்கம் 037’ என்றாற்போன்ற காரணப் பெயரை ஒவ்வொரு கோப்புக்கும் இடுதல் இன்றியமையாததாகின்றது. ஒரு கோப்புக்குப் பெயர் மாற்ற அரை நிமிடம் செல்லுமெனக் கொண்டால், ஆயிரம் கோப்புகளுக்கு எட்டு மணி நேரத்திற்கும் மேலாகும். நேரத்தினும் பெரிய தொல்லை மனிதக் கையின் சோர்வு. முந்நூறாவது பெயரைத் தட்டச்சிடும் கை, முதலாவது பெயரை இட்ட கையைப்போல விழிப்பாக இருப்பதில்லை.

இந்த வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கும் வழியொன்று உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே 1969ஆம் ஆண்டில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அதன் உட்பகுதிக்குப் பருப்பு என்னும் பொருளுடைய பெயரும், அதனைச் சூழ நின்று நம் கட்டளையை ஏற்கும் பகுதிக்கு ஓடு என்னும் பொருளுடைய ‘ஷெல்’ என்ற பெயரும் வழங்கலாயின. ஸ்ரீவன் போர்ண் இயற்றிய ஷெல் 1979இலும், அதன் வழிவந்த ‘பாஷ்’ 1989இலும் வெளிவந்தன. லினக்ஸ் கணினிகளில் இன்றும் பாஷ் பெருவழக்காக உள்ளது. கட்டளைகள் பலவற்றை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, ஒரே முறையில் நிறைவேற்றச் செய்வதே ஷெல் ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைக் கோவை.

பெயர் மாற்றும் கட்டளை ‘எம்வி’ என்ற இரண்டே எழுத்து. ‘நகர்த்து’ என்னும் ஏவல் வினையின் சுருக்கம். பழைய பெயரையும் புதிய பெயரையும் அதன்பின் எழுதினால் வேலை முடிந்தது. யுனிக்ஸ் முறையிலே கோப்பின் பெயர் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. கோப்புறையின் பட்டியலில் மாத்திரமே அது இருக்கும். வகுப்பின் வரவு இடாப்பிலே ஒரு பெயரைத் திருத்தினால், வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளை அதனை உணர்வதில்லை அன்றோ? அவ்வாறே, ஒரே கோப்புறைக்குள் நிகழும் பெயர் மாற்றம் கோப்பின் உள்ளடக்கத்தைத் தீண்டுவதில்லை. ஆயிரம் பெயர்கள் சில கணப்பொழுதில் மாறிவிடுவதன் இரகசியம் இதுவே.

எவ்வகை மாற்றங்களைக் கட்டளையிடலாம்? புணரியலில் நாம் கற்ற தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றுமே இங்கும் உள்ளன. பெயரின் முன் ‘சேர்விடாப்பு’ என்ற சொல்லைச் சேர்த்தல் தோன்றல். இடைவெளி இருக்குமிடத்திற் சிறுகோடு இடுதல் திரிதல். கமரா இட்ட எழுத்துகளை நீக்குதல் கெடுதல். ‘இக்கோப்புறையிலுள்ள ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு செய்க’ என்று ஒரு விதியை எழுதினால் போதும். கணினி அதனை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திக்கொண்டு போகும். பேர்ள் என்னும் நிரல்மொழியைப் படைத்த லாரி வோல், இத்தகைய விதிகளைக் கொண்டு பெயர் மாற்றும் சிறு நிரலொன்றையும் எழுதி அளித்தார். அவர் மொழியியல் பயின்றவர். இக்கலை கணித வல்லுநருக்கு மாத்திரம் உரியதென்று ஒதுங்கி நிற்கும் கலைப் பட்டதாரிகள் இதனை நினைவில் வைத்தல் நன்று.

பெயரை அமைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். கணினி அகரவரிசையில் அடுக்கும்போது எழுத்தை எழுத்தோடுதான் ஒப்பிடும். எனவே 2 என்ற பக்கத்திற்கு முன்பாகவே 10 என்ற பக்கம் வந்து நிற்கும். 002, 010 என முன்னே சுழியங்களை இட்டால் வரிசை நேராகும். திகதியையும் ஆண்டு, மாதம், நாள் என்னும் முறையில் எழுதினால், பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே அமையும். 1988இல் வெளியான சர்வதேச நியமமும் இந்த முறையையே விதித்தது.

இனி, இடர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டளையின் ஆற்றல் பெரிதாக, அதன் பிழையும் பெரிதாகும். ஷெல்லுக்கு இடைவெளி என்பது சொற்களைப் பிரிக்கும் எல்லை. பெயரின் நடுவே இடைவெளி இருந்து, மேற்கோட்குறி இடாமற்போனால், ஒரு பெயரை அது இரண்டு பெயராகக் கொள்ளும். ‘எல்லாம்’ என்று பொருள்படும் உடுக்குறியைக் கண்டால், கட்டளைக்குக் கொடுக்குமுன்பே அதனைக் கோப்புப் பெயர்களின் பட்டியலாக ஷெல் விரித்துவிடும். கோப்புறையில் இரண்டே கோப்புகள் இருக்கும்போது ‘எம்வி’யின் பின் உடுக்குறியை மாத்திரம் இட்டால், முதற்கோப்பு இரண்டாவதன் பெயரை ஏற்கும், இரண்டாவது கோப்பு அழிந்துபோகும்.

இதுவே எல்லாவற்றிலும் பெரிய இடர். புதிய பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு இருந்தால், கட்டளைக் கோவையில் வரும் ‘எம்வி’ பொதுவாக எதுவும் கேட்பதில்லை. பழையதை நீக்கிவிட்டுப் புதியதை அவ்விடத்தில் இருத்திவிடும். ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம். படமெடுத்தவர் 37ஆம் பக்கத்தைத் தவறவிட்டார் எனக் கொள்வோம். அதனாற் பின்வந்த பக்கங்கள் யாவும் ஓர் எண் முன்னதாகப் பெயர் பெற்றுவிட்டன. விடுபட்ட பக்கத்திற்கு இடமளிக்க, 37ஐ 38 ஆக்கு, 38ஐ 39 ஆக்கு என்று முன்னிருந்து தொடங்கினால் என்ன நேரும்? முதற்கட்டளையிலேயே 38இல் இருந்த பக்கம் மறையும். அடுத்த கட்டளை, 38 என்னும் பெயரை இப்பொழுது ஏற்றிருக்கும் அதே பக்கத்தை 39 ஆக்கி, அங்கிருந்ததை மறைக்கும். இப்படியே சென்று, முடிவில் 37இல் இருந்த ஒரேயொரு பக்கம் கடைசி எண்ணைச் சுமந்துகொண்டு தனியே நிற்கும்; இடையிலிருந்த அத்தனை பக்கங்களும் போய்விடும். கணினியோ ஒரு சொல்லும் சொல்லியிராது. கட்டளைகள் யாவும் செவ்வனே நிறைவேறின என்பதே அதன் கணக்கு. கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கித் தொடங்கினால் ஒரு பக்கமும் கெடாது. கட்டளை ஒன்றே; வரிசை மாறியதால் விளைவு மாறியது.

தமிழிற் பெயரிடுவோர்க்கு மேலும் ஒரு கவனம் வேண்டும். ஒருங்குறி முறையிலே ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம். கொம்பு வேறு, கால் வேறு என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸ் கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ‘ஔ’ என்ற ஓரெழுத்தும், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்ட இரண்டெழுத்தும் இத்தகையனவே. ஒரு பெயரைத் தேடிக் காணாதபோது, கோப்பு இல்லையென்று முடிவு செய்வதற்கு முன் இதனையும் ஆராய வேண்டும்.

காப்பு யாது? முதலாவது, மூலக் கோப்புகளின் பிரதியொன்றை வேறிடத்தில் வைத்தல். இரண்டாவது, ‘எம்வி’க்கு முன்னால் ‘எக்கோ’ என்ற கட்டளையை இடுதல். எக்கோ என்றால் எதிரொலி. அதனை இட்டால் கணினி எதனையும் செய்யாது. செய்யவிருப்பதை வரிவரியாக ஒப்புவிக்கும். அவ்வரிகளைப் படித்துப் பார்த்தபின்னரே எதிரொலியை நீக்கி, உண்மைக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, இருக்கும் கோப்பின் மேல் எழுதாதே என்னும் விலக்கையும் கட்டளையோடு சேர்த்தல். இன்றைய லினக்ஸ் கணினிகளில் இதற்கு வசதி உண்டு. நான்காவது, பழைய பெயரையும் புதிய பெயரையும் அருகருகே எழுதிய பட்டியலைப் பேணுதல். பிழை கண்டால் திரும்பி வருவதற்கு அதுவே வழி. ஐந்தாவது, வேலைக்கு முன்னும் பின்னும் கோப்புகளை எண்ணுதல். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர், பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலைகளை எண்ணுவது இதே காரணத்திற்காகத்தான்.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் இன்று நம் பாடசாலைகளில் ஒரு பாடம். கட்டளைகளை மனனஞ் செய்த மாணவன் பரீட்சையிற் சித்தியடைவான். கட்டளையைக் கொடுக்குமுன் அதன் எதிரொலியைக் கேட்கப் பழகிய மாணவனோ, நாளை ஓர் அலுவலகத்தின் ஏடுகளை நம்பி ஒப்படைக்கத்தக்கவன் ஆவான். கணினி நாம் கருதியதைச் செய்வதில்லை. நாம் சொன்னதையே செய்கின்றது. ஆதலால் செய்விக்குமுன் ஒருமுறை சொல்லச் செய்து கேளுங்கள். அதற்குச் செல்லும் நேரம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தினால் காக்கப்படுவது, தம் பெயரைத் தேடி என்றோ ஒருநாள் பாடசாலை வாயிலில் வந்து நிற்கப்போகும் ஒருவரின் பக்கம்.