பணம் இல்லாத படப்பிடிப்பு



தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாட்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாயை விரித்துப் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பார்ப்போம்; முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போவோம். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்று யோசித்திருக்க மாட்டோம். பெரிய முதலாளி கையில் பணம் இருந்தால் அந்த உழைப்பு ஒருவிதமாக நடக்கும். பணமே இல்லாதவர்கள் படம் எடுத்தால் எப்படி நடக்கும்? அப்படி எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பற்றி இன்று பேசுவோம். படத்தின் பெயர் 'பதேர் பாஞ்சாலி'. வங்காள மொழிப் படம். எடுத்தவர் சத்யஜித் ராய்.

வங்காளக் கிராமம் ஒன்றில் வாழும் ஓர் ஏழைக் குடும்பத்தின் கதை அது. அப்பா, அம்மா, துர்கா என்ற பெண், அப்பு என்ற சிறுவன், வீட்டில் ஒண்டியிருக்கும் ஒரு கிழவி. விபூதிபூஷண் பந்தோபாத்யாய் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. ராய் அப்போது கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் வரையும் வேலையில் இருந்தார். கதையோடு பல முதலாளிகளிடம் நடந்தார். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, இதை யார் பார்ப்பார்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். அதனால் அவர் தமது காப்புறுதியின் பேரில் கடன் வாங்கி, ஒரு காமிராவை வாடகைக்கு எடுத்தார். வேலையையும் விடவில்லை. விடுமுறை நாளில்தான் படப்பிடிப்பு.

காமிராவைப் பிடித்தவர் சுப்ரதா மித்ரா. இருபதை ஒட்டிய வயது இளைஞர். அதற்கு முன் சினிமா காமிராவை அவர் இயக்கியதே இல்லை. ராயும் அதற்கு முன் படம் எடுத்தவரல்லர். நடித்தவர்களிலும் பலர் புதியவர்கள். அப்புவாக நடிக்கச் சிறுவன் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் செய்து பார்த்தார்கள். சரியான பிள்ளை அமையவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த சுபிர் பானர்ஜி என்ற சிறுவனை ராயின் மனைவி விஜயாதான் கண்டுபிடித்தார்.

முதல் நாள் படப்பிடிப்பு 1952 அக்டோபர் 27. இடம், நாணல் பூத்த ஒரு வெளி. நம் பக்கம் லாலான் புல் வெள்ளையாகப் பூத்துக் காற்றில் சாயுமே, அதைப் போல. ஆனால் ஆள் உயரத்துக்கு மேல். அக்காளைத் தேடி அப்பு அந்தக் காட்டில் நடக்க வேண்டும். பையனோ மரப்பொம்மை போல விறைத்து நடந்தான். ராய் என்ன செய்தார் தெரியுமா? அவன் நடக்கும் வழியில் சிறு குச்சிகளைக் குறுக்கே போட்டார். தாண்டித் தாண்டி நடக்க வேண்டும். புதருக்குள் ஆட்களை ஒளித்து வைத்து, ஆளுக்கொரு பக்கமாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். பையன் நின்றான், திரும்பினான், தயங்கினான். தேடுகிற பிள்ளையின் நடை தானாகவே வந்துவிட்டது. செலவு ஒரு காசு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீதியை எடுக்கப் போனார்கள். நாணலைக் காணோம். மாடுகள் மேய்ந்து தீர்த்துவிட்டன! பணக்காரக் கம்பெனியாக இருந்தால் வேறு ஊரில் வேறு காட்டைத் தேடிப் போயிருப்பார்கள். இவர்கள் நாணல் மறுபடி பூக்கும்வரை, அடுத்த பருவம்வரை காத்திருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படப்பிடிப்பில் காமிராவுக்கு வாடகை, சுருளுக்கு விலை, ஆட்களுக்குச் சாப்பாடு, வண்டிச் செலவு எல்லாம் உண்டு. மேகம் மூடினால் அன்றைக்குப் படம் இல்லை. வாடகை மட்டும் நிற்காது. கையில் பணம் தீர்ந்தால் வேலையை நிறுத்திவிடலாம்தான். ஆனால் பிள்ளைகளின் வளர்ச்சியை நிறுத்த முடியுமா? கிழவியின் வயதை நிறுத்த முடியுமா?

கல்கத்தாவுக்குப் பக்கத்தில் போரால் என்ற கிராமத்தில் ஓர் இடிந்த வீட்டை வாடகைக்குப் பிடித்துச் செப்பனிட்டு, பகல் காட்சிகளை அங்கே எடுத்தார்கள். பன்சி சந்திரகுப்தா என்பவர் அந்த வீட்டைக் கதைக்கு ஏற்றபடி அமைத்தார். வேலை நடந்தது, பணம் தீர்ந்தது, வேலை நின்றது. ராய் தமது புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் விற்றார். விஜயாவின் நகை அடகுக்குப் போனது. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்காக நகையை அடகு வைத்த தாய்மார்கள் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்த அம்மாளின் மனத்தை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பணமும் எத்தனை நாளைக்கு வரும்? ஏறக்குறைய ஓராண்டு படம் அப்படியே கிடந்தது.

இடைவெளியில் என்னவெல்லாம் ஆயிற்று என்று கேளுங்கள். மிட்டாய்க்காரனின் பின்னால் பிள்ளைகள் போக, அவர்கள் பின்னால் நாய் ஓடும் காட்சி படத்தில் உண்டு. நாய் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. துர்காவாக நடித்த உமா தாஸ்குப்தாவின் கையில் இனிப்பைக் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடிக்கச் சொன்னார்கள். நாய் வந்தது. இடையில் பணம் தீர்ந்தது. திரும்பி வந்தபோது நாய் செத்துப் போயிருந்தது. அதைப் போல இன்னொரு நாயைத் தேடிப் பிடித்தார்கள். மிட்டாய்க்காரராக நடித்தவரும் இறந்துபோனார். அவரைப் போலப் பருத்த இன்னொருவரை நடக்கவிட்டு, முதுகுப்புறத்தை மட்டும் படம் பிடித்தார்கள். சொல்லாவிட்டால் பார்ப்பவர் கண்டுபிடிக்க மாட்டார்.

1954இல் மேற்கு வங்காள அரசாங்கம் பணம் தந்தது. சாலை மேம்பாட்டுக் கணக்கில் அது எழுதப்பட்டதாம்! 'பதேர்' என்றால் பாதை அல்லவா? பணம் தவணை தவணையாக வரும். ஒரு தவணைக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது. கணக்குக் காட்டி முடிப்பதற்குள் மழைக்காலம் போய்விட்டது. கதையிலோ துர்கா மழையில் நனைந்து ஆட வேண்டும். பால் வெட்டுக்குப் போனவர்களுக்கு மழை வந்தால் வேலை நட்டம். இவர்களுக்கு மழை வராததால் வேலை நட்டம். அக்டோபர் மாதம், வானம் நீலமாகக் கிடக்க, பிள்ளைகளையும் காமிராவையும் தூக்கிக்கொண்டு நாள்தோறும் போய் மேகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் மழை கொட்டியது. திரையில் அப்புவும் துர்காவும் குளிரில் நடுங்குவது நடிப்பு அல்ல. எடுத்து முடிந்ததும் பாலில் சிறிது பிராந்தி கலந்து கொடுத்தார்கள்.

கிழவியாக நடித்தவர் சுனிபாலா தேவி. ஏறக்குறைய எண்பது வயது. ஒரு காலத்தில் நாடக நடிகை. நெடுநாள் மேடையை விட்டு ஒதுங்கியிருந்தவர். கல்கத்தாவிலிருந்து விடியற்காலையில் காரில் அழைத்து வருவார்கள். முன்பு எடுத்த காட்சியில் மூட்டை எந்தக் கையில் இருந்தது, சேலை நனைந்திருந்ததா என்பதை எல்லாம் நினைவில் வைத்திருந்து, மற்றவர்கள் மறந்தாலும் அவர் எடுத்துச் சொல்வார். கதையில் கிழவி இறந்ததும் பாடையில் கட்டித் தூக்கிப் போகிறார்கள். காட்சி முடிந்து பாடையை இறக்கினார்கள். அவர் அசையவில்லை. எல்லாருக்கும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. மெல்லக் கண்ணைத் திறந்து, காட்சி முடிந்ததை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டாராம்!

அப்புவின் குரல் உடையவில்லை, துர்கா பெரியவளாகிவிடவில்லை, கிழவி சாகவில்லை. இம்மூன்றையும் அற்புதம் என்றே ராய் பிற்காலத்தில் சொன்னார்.

ரவிசங்கர் ஏறக்குறைய 11 மணி நேரத்தில், ஒரே இரவில், பின்னணி இசையின் பெரும்பகுதியை அமைத்துக் கொடுத்தார். 1955 மே மாதம் படம் நியூயார்க்கில் காட்டப்பட்டது. ஆகஸ்ட் 26இல் கல்கத்தாவில் திரைக்கு வந்தது. முதலில் கூட்டம் இல்லை. பிறகு வாய்வழிச் செய்தி பரவி அரங்கு நிறைந்தது. 1956இல் பிரான்சு நாட்டின் கான் விழாவில், மனித வாழ்வைக் காட்டும் சிறந்த ஆவணம் என்று பரிசு கொடுத்தார்கள்.

சுனிபாலா தேவி அந்தக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. படம் திரைக்கு வருமுன்பே அவர் காலமாகிவிட்டார்.