செல்லொணா வழி



2024 திசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின் பெருமழையால் நம் ஏர்க்காட்டு மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரவு நின்றது. அத்தகைய வழியை ஆங்கிலர் ‘இம்பாசபிள்’ என்னும் ஒற்றை அடைமொழியாற் குறிப்பர். அதன் பொருளை வகுப்பில் வினவினேன். ‘முடியாத சாலை’ என்றெழுதினர் பலர். ‘இம்பாசிபிள்’ என்பதனோடு மயங்கினர். அது முடியாமையைக் குறிப்பது. இதுவோ கடந்து செல்ல இயலாமையைக் குறிப்பது. உயிரெழுத்தில் மட்டுமே வேறுபாடு!

போக்கற்ற வழி எல்லாவற்றிற்கும் அச்சொல் பொருந்தாது. ஆணையால் மூடிய சாலை வேறு, முட்டுச்சந்து வேறு. இச்சொல் சுட்டுவது வழியின் நிலையை. யாருக்குக் கடக்கவியலாது என்பதையும் உடன்சேர்த்துச் சொல்வது ஆங்கில வழக்கு. நம் கொங்குநாட்டு இட்டேரியை எண்ணுக. கிளுவை வேலிகளுக்கிடையே மழைச்சேறு நிறைந்தால், வண்டி அச்சுவரை புதையும். ஆடுமேய்ப்பவரோ வேலியோரமாய் நடந்துவிடுவார். வண்டிக்கு அது கடக்கவொண்ணா வழி, காலுக்கு அன்று.

இப்பொருட்குத் தமிழிற் சொல்லில்லை என்பாருளர். கழக இலக்கியம் கற்றார் அங்ஙனம் கூறார். அருஞ்சுரம், ஆரிடை என்பனவெல்லாம் செல்லற்கரிய வழிகளே. மேலும் நம் மொழி படிநிலையும் காட்டும். ‘செல்லற்கரிய’ எனின் பாடுபட்டுச் செல்லலாம். ‘செல்லொணா’ எனின் செல்லவே இயலாது. ‘செல்லாத’ என்றால் மட்டும் இடர்ப்பாடு. செல்லாக்காசு நினைவிற்கு வந்துவிடும்! ‘அருமை’யின் கதையோ இன்னும் வேடிக்கை. ‘அருமையான சாலை’ என்று இன்று கூறின், வழவழப்பான தார்ச்சாலை என்றே கொள்வர். கிடைத்தற்கு அரியது சிறந்ததெனப்பட, அருமை சிறப்பாயிற்று. பழம்பொருள் பேச்சிற் பின்தங்கிற்று.

1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியிற் பணியாற்றிய பாவாணர் சொற்களை வேர்வரை சென்று ஆய்ந்தவர். அவர் நடந்த ஊரில் நின்று இதைக் கூறுவதில் எனக்கொரு மகிழ்ச்சி.

சொற்பொருள் ஆய்வு ஏட்டோடு முடிவதன்று. சில ஆண்டுகட்கு முன், ஒரு மலையடிவாரத்தில் ‘சாலை மூடப்பட்டுள்ளது’ என்று பலகை வைத்திருந்தனர். ஈருருளியில் வந்த இளைஞர் ஒருவர், “மூடியவர் திறக்கும்வரை காத்திருப்பதா, ஐயா? ஓரமாய்ப் போய்விடுகிறேன்” என்றார். செயப்பாட்டுவினையைப் படித்தவர், எவரோ மூடினார் என்றே கொண்டார். சாலையே அற்றுப்போனதை அப்பலகை கூறவில்லை. நான் இலக்கணம் விளக்கத் தொடங்குமுன், விறகுச் சுமையோடு இறங்கிவந்த மூதாட்டியார் அவரை நோக்கி, “மேல தடமே இல்ல சாமி, மண்ணோட போயிருச்சு” என்றார்.

இளைஞர் வண்டியைத் திருப்பினார்.