பட்டினப்பாலை: போகாதவனின் பாட்டு

யாங்கூனில் இந்தக் கூடத்தில் இருப்பவர்களுக்கும் நேரலையில் இணைந்திருப்பவர்களுக்கும் இன்று பட்டினப்பாலையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, 301 அடி. பொருள் தேடப் போகலாம் என்று நெஞ்சு இழுக்கிறது, ஒருவன் வரமாட்டேன் என்கிறான். அவ்வளவுதான் கதை. பாலை என்றால் பிரிவு. இந்தப் பாலையில் யாருமே பிரிவதில்லை!

அந்த மறுப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். முதல் 217 அடியும் காவிரியும் காவிரிப்பூம்பட்டினமும்தான். உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகள், புலிமுத்திரை குத்தும் சுங்கக்காரர்கள், கடல்வழி வந்த குதிரைகள், மிளகு மூட்டைகள், ஈழத்து உணவு, காழகத்துப் பொருள். காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்று உரை எழுதினார். கடாரம் மலேசியாவின் கெடா என்பதே பெரும்பாலோர் கருத்து. பர்மா என்றவர்களும் உண்டு. நம் ஊர்ப் பெருமைக்காக நான் அதில் சண்டை போடப் போவதில்லை.

இந்தப் பகுதியில் வஞ்சியடிகள் நிறைய. குறுகிய அடிகள், தூக்கு, இறக்கு, அடுத்தது என்று ஓடும் நடை. துறைமுகத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வேகம் தெரியும். பிறகு நாற்சீர் ஆசிரிய அடிக்கு மாறி, இந்தப் பட்டினமே கிடைத்தாலும் அவளை விட்டு வரமாட்டேன் என்கிறான். மூன்றாம் அடியின் நடுவிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அதே அடியில், மூச்சு விடாமல், கூண்டில் வளர்ந்த புலிக்குட்டி உவமை தொடங்கிக் கரிகாலன் கதை வந்துவிடுகிறது.

அரசனைப் புகழ அகப்பொருள் ஒரு சாக்கு என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அந்த நகரம்தான் அவன் முன் வைத்த விலை. விலையை முழுதாகக் காட்டாமல் வேண்டாம் என்பதற்கு என்ன மதிப்பு?

நம் முன்னோர் நெஞ்சுக்குச் சொன்ன பதில் வேறு. வருகிறேன் என்று சொல்லி ரங்கூன் துறையில் இறங்கியவர்கள் அவர்கள். 1942இல் பலர் காட்டுவழியே நடந்து இந்தியா திரும்பினார்கள். 1960களில் பலர் கப்பலேறினார்கள். நாம் தங்கிவிட்டோம்.

கடைசி அடிகளில் காடு கரிகாலன் வேலைவிடக் கொடியது, அவள் தோள் அவன் செங்கோலைவிடக் குளிர்ந்தது என்கிறான். அத்தனை அடி புகழ்ந்த அரசன் கடைசியில் வெறும் அளவுகோல். இதையெல்லாம் நெஞ்சோடுதான் பேசுகிறான். அவள் காதில் ஒரு சொல்லும் விழவில்லை. இங்கே வந்தவர்களின் மனைவியர், ஊரில் இருந்தவர்கள், எதைக் கேட்டிருப்பார்கள்?