வினையூக்கி நிஜமாவே கரையாம இருக்கா?

இன்னைக்கு தாவர எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்கிறதைப் பத்திப் பேசலாம். குறிப்பா, அதுல வர்ற திட வினையூக்கி, அதாவது சாலிட் கேட்டலிஸ்ட் பத்தி.

முதல்ல அடிப்படை. எண்ணெயில மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் கலக்கணும். தோராயமா 100 கிலோ எண்ணெய்க்கு 10 கிலோ மெத்தனால் செலவாகும். 100 கிலோ பயோடீசல், 10 கிலோ கிளிசரின் கிடைக்கும்.

அப்புறம் என்ன பிரச்சினை? காஸ்டிக் சோடா மெத்தனாலில் கரைஞ்சிடும். திரும்ப எடுக்க முடியாது. அமிலம் விட்டு அதைச் செயலிழக்க வைக்கணும், பயோடீசலைத் தண்ணீரில் கழுவணும், அந்தக் கழிவுநீரையும் சுத்திகரிக்கணும். பலமுறை பொரிச்ச எண்ணெய்னா இன்னும் மோசம். அதிலுள்ள கொழுப்பு அமிலம் சோடாவோட சேர்ந்து சோப்பாயிடும். பயோடீசலும் கிளிசரினும் சரியாப் பிரியாது.

திட வினையூக்கி கரையாது. வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். ஆய்வுகள்ல அடிக்கடி வர்றது கால்சியம் ஆக்சைடு, நம்ம சுட்ட சுண்ணாம்பு. முட்டை ஓட்டை 800, 900 டிகிரியில சுட்டாலே கிடைக்கும். கேட்கவே நல்லா இருக்கு, இல்லையா? ஆனா இந்தச் சுண்ணாம்பும் வினை நடக்கும்போது கொஞ்சம் கரையுது. அப்போ வேலை செய்யறது திடப்பொருளா, கரைஞ்ச கால்சியமா?

இதுக்கு ஒரு சோதனை இருக்கு. நாங்க கோடுல பிழை தேடும்போது சந்தேகப்படுற பகுதியை நீக்கிட்டு ஓட்டிப் பார்ப்போமே, அதே மாதிரிதான். வினை பாதியில இருக்கும்போது, சூடு ஆறாம திடப்பொருளை வடிகட்டி எடுத்துடுங்க. மிச்ச திரவத்தை அதே சூட்டில் வைங்க. வினை நின்னா, திடப்பொருள்தான் வினையூக்கி. தொடர்ந்து நடந்தா, கரைஞ்சதும் வேலை செய்யுது. அப்போ கழுவுற வேலை திரும்ப வந்துடும்.

தொழிற்சாலை அளவிலும் இது சாத்தியம்தான். பிரான்சின் சேத் நகரில் 2006-ல் ஆண்டுக்கு 1,60,000 டன் திறனோட ஒரு ஆலை தொடங்கினாங்க. எஸ்டெர்ஃபிப்-எச் முறை. துத்தநாகமும் அலுமினியமும் சேர்ந்த ஆக்சைடுதான் வினையூக்கி. கழுவல் கிடையாது, கிளிசரின் 98 சதவீதத்துக்கு மேல சுத்தம். ஆனா காஸ்டிக் முறையைவிட வெப்பமும் அழுத்தமும் நிறைய வேணும். அந்தச் செலவையும் கணக்குல எடுக்கணும்.

அதனால, இனி ஒரு புது வினையூக்கி பத்திப் படிச்சா, முதல் தடவை எத்தனை சதவீதம் மாறுச்சுன்னு மட்டும் பார்க்காதீங்க. அஞ்சாவது தடவை எவ்வளவு, எவ்வளவு கரைஞ்சுதுன்னும் தேடுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.